பாய் கடைக் கயிறு

மார்கழி பாதி தாண்டியதும் கடை வாசலில் குறுக்காக நைலான் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்களே, அதை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாற்பதை எட்டிவிட்ட நம் கூட்டத்துக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பானை பொங்கும் அட்டை, கரும்பும் மாடும் போட்ட அட்டை, ஜிகினா ஒட்டிய ரோஜா அட்டை, கூடைக்குள் பூனைக்குட்டி அட்டை, நடிகர் நடிகை அட்டை. திறந்தால் பாடும் அட்டை கடைசியாக வந்தது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். தொட விடமாட்டார்கள்.

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் கூட்டு ரோட்டில் அந்தக் கயிறு பாய் கடையில் தொங்கியது. நோட்டு, பேனா, மை, கோந்து விற்கிற ஸ்டேஷனரி கடை. பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் இருந்தது. தாம்பரத்திலிருந்து வரும் பஸ் நின்று கிளம்பும்போது எழும் காற்றில் கயிற்றிலிருக்கும் அட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி மறுபடி நேராகும். ஆறாம் வகுப்பு படித்த வருஷத்து மார்கழியில் எனக்கு இருந்தது ஒரே ஆசைதான். நான் செய்த அட்டை அந்தக் கயிற்றில் தொங்க வேண்டும். காசு கிடைக்கும் என்றெல்லாம் யோசிக்கவில்லை. தொங்க வேண்டும், பஸ் காற்றில் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் படம் வரைய வராது. கரும்பு வரைந்தால் மூங்கிலாகிவிடும், மாடு வரைந்தால் எதுவாகவும் ஆகலாம். அதனால் வரையாமல் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று வரிசையாகப் பார்த்தேன். முதலில் நூல். நூலை மையில் நனைத்து மடித்த தாளுக்குள் வளைத்து வைத்து, மேலே ஒரு புத்தகத்தை அழுத்திக்கொண்டு நுனியைப் பிடித்து இழுத்தால், இரண்டு பக்கமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரு பூவோ பாம்போ விழும். அடுத்து வெண்டைக்காய். குறுக்கே வெட்டி மையில் ஒற்றி அச்சுப் போடலாம். அடுத்து, பழைய டூத் பிரஷ்ஷை மையில் தோய்த்துச் சீப்பின் மேல் தேய்ப்பது. தாளில் வேப்பிலை வைத்துவிட்டுத் தேய்த்தால் தூறல் விழும், இலையை எடுத்தால் அங்கே மட்டும் வெள்ளையாக ஓர் இலை இருக்கும். கேட்டுக்கு அடித்து மீந்த பெயிண்டைத் தண்ணீரில் சொட்டி, மிதக்கிற பெயிண்டின் மேல் தாளைப் படுக்கவைத்து எடுப்பதையும் செய்தேன். அந்தப் பெயிண்ட் வாசனையோடு இரண்டு நாள் சாம்பார் சாப்பிட்டோம். அம்மா டப்பாவை எங்கோ ஒளித்துவிட்டாள். அது இன்றுவரை கிடைக்கவில்லை.

ட்ராயிங் நோட்டுத் தாள் மட்டும் போட்டால் அட்டை துவளும். கெட்டியாக நிற்கக் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிப் பின்னால் ஒட்டினேன். அதற்கு அம்மாவிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

"மஞ்சள் தடவின பத்திரிகையைப் போய் வெட்டுவியா?"

"மூலையை வெட்டாம நடுவுல மட்டும் எடுத்துக்கறேம்மா."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "சரி, கல்யாணம் முடிஞ்சதை மட்டும் எடு. முடியாததைத் தொடாதே."

அலமாரியில் இருந்த பத்திரிகைகளை முகூர்த்தத் தேதி பார்த்து இரண்டு கட்டாகப் பிரித்து வைத்த பிறகுதான் கத்திரிக்கோலைத் தொட்டேன்.

இனி பனி. ஒரு சாயங்காலம் கறுப்பு மையில் நூல் இழுத்த தாள்களை மொட்டை மாடிக் கொடியில் மாட்டிவிட்டு மறந்து தூங்கிவிட்டேன். ஏரிப் பக்கமிருந்து வரும் மார்கழிப் பனி அன்றைக்கெல்லாம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் கொடியில் கிடக்கும் துணியைப் பிழியலாம். கோலம் போட்டுவிட்டு மாடிக்கு வந்த அம்மா, "போச்சா? பொழுது சாய எடுத்து உள்ள வைன்னா கேக்கறியா?" என்றாள்.

மை முழுக்க ஓடியிருந்தது. ஆனால் கறுப்பாக ஓடவில்லை. நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி நீலம், நீலத்தைச் சுற்றி ஊதா, ஓரத்தில் மெல்லிய ரோஸ் வளையம், சில இடங்களில் மஞ்சள். கறுப்புக்குள் இத்தனை நிறம் இருந்ததை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பல வருஷம் கழித்து, அச்சுத் தொழில் டிப்ளமோ படித்தபோது, லேபில் வடிதாளும் கண்ணாடிக் குவளையும் வைத்து இதையே செய்து காட்டி அதற்கு ஒரு நீளமான பெயரும் சொன்னார்கள். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். எங்கள் மாடியில் இதை முன்பே பார்த்தாயிற்று என்ற நினைப்பில் முதுகு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது.

அன்றிலிருந்து வேண்டுமென்றே பனியில் போட்டேன். நீல மை வெறுமனே வெளுத்தது. சிவப்பு தாள் முழுக்கப் பரவி ஒன்றுமில்லாமல் போனது. கறுப்பு மட்டும்தான் விரிந்தது. அதிலும் பாய் கடையில் வாங்கிய கறுப்புதான். ஆகவே அவர் மையில் செய்த அட்டையை அவரிடமே கொண்டுபோனேன்.

பாய் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். விரலில் ஊதா.

"இன்னா பாப்பா, கார்டு குடுத்தியா, மருதாணி வெச்சு உட்டியா?"

"பனியில இருந்தது பாய், இன்னும் காயல."

"வாங்கினு போறவன் சொக்காய்ல மை ஆச்சுன்னா என்னாண்டதான் சண்டைக்கு வருவான். போ, போய் படிக்கிற வேலையப் பாரு."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். காய்ந்த அட்டை மேல் மெழுகுவத்தியை நன்றாகத் தேய்த்து, மேலே நியூஸ்பேப்பர் போட்டு, லேசான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் மெழுகு உள்ளே இறங்கிவிடுகிறது. ஈர விரலால் தேய்த்தாலும் மை வரவில்லை. அதே இஸ்திரிப் பெட்டியால் அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்தபோது முதுகில் வழுவழுவென்று ஒரு பட்டை விழுந்தது. மழையில் போனால் அந்த இடம் மட்டும் நனையாது என்று சொல்லி அப்பாவே சிரித்தார். அவர் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்தார். சாதாரணமாக அதிகம் பேசாதவர்.

இரண்டாம் முறை போனபோது பாய் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். வரவில்லை. புருவத்தைத் தூக்கினார். கயிற்றை எட்டிப் பிடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அதற்குள் ஒருவர் வந்து பானை அட்டையைக் காட்டி, "இதே மாதிரி எட்டு குடு பாய்" என்றார். பாய் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? உன்னாண்ட ஒரே மாதிரி பத்து கீதா?"

"இல்ல பாய். ஒவ்வொண்ணும் வேற வேற."

"அதாம்மா பேஜாரு. அண்ணங்காரனுக்குப் பானை போட்டது அனுப்பி, தம்பிக்காரனுக்கு மாடு போட்டது அனுப்பினா, தம்பி இன்னா கேப்பான்? என்னைப் பாத்தா மாடு மாரி கீதான்னு கேப்பான். அப்பால பொங்கல் எங்க பொங்கும்? ஒரே மாதிரி பத்து கொண்டா. கயித்துல போடறேன்."

அவர் சொன்னது உண்மை. நம் வீடுகளில் வாழ்த்து அட்டை எப்படி அனுப்புவார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே தரத்து உறவுக்கு ஒரே அட்டை. சித்தப்பாக்களுக்கெல்லாம் ஒன்று, அத்தைகளுக்கெல்லாம் ஒன்று. கவரை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகித்தான் தபாலில் போடுவோம், அதனால் தபால்காரரில் தொடங்கி எல்லோரும் பார்ப்பார்கள். எந்த வீட்டுக்கு எந்த அட்டை போனது என்பது அடுத்த விசேஷத்துக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

பத்தை ஒரே மாதிரி செய்ய உட்கார்ந்தேன். காது மருந்து பாட்டிலைக் கழுவி அதில் மை நிரப்பி, ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தில் ஒரே அளவு சொட்டினேன். ஒரே நோட்டின் தாள்கள், ஒரே கொடி, ஒரே இரவு. காலையில் பார்த்தால் ஒன்று மயில் தோகை, ஒன்று கடல், ஒன்று பழுத்த இலை, ஒன்று யாரோ தலைமுடியை விரித்துப் போட்டது போல. மறுநாளும் அப்படித்தான். பனி எனக்குக் கட்டுப்படவில்லை.

அந்த வாரம் அப்பா ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். உள்ளே பத்து அட்டைகள், பத்தும் ஜிகினா ரோஜா.

"யாருக்கு அனுப்பணுமோ அனுப்பு. ஒரு கடையில சல்லிசா குடுத்தான். கையைப் பாரு, மைக்கூடு மாதிரி இருக்கு. இனிமே கஷ்டப்படாதே."

கடை அட்டை வாங்க வழியில்லாமல்தான் பிள்ளை இப்படிப் பாடுபடுகிறது என்று நினைத்துவிட்டார். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. தேங்ஸ்ப்பா என்று சொல்லிவிட்டுப் பாக்கெட்டை அலமாரியில் வைத்தேன்.

எங்கள் வீட்டுக்காரர்கள் மாடியில் குடியிருந்தார்கள். ஒரு காலத்தில் மேடவாக்கம் வரை நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம். அந்த வீட்டு மருமகளை நான் மாடி வீட்டு அக்கா என்பேன். செங்கல்பட்டிலிருந்து வந்தவள், கல்யாணமாகி இரண்டாவது பொங்கல். அவளுக்கு நான்கு நாத்தனார்கள், நான்கு பேரும் மூத்தவர்கள். தலைப்பொங்கலுக்கு அவள்தான் கார்டு அனுப்பினாள். கடையில் மூன்றுதான் ஒரே மாதிரி கிடைத்தது. பெரிய நாத்தனாருக்கு மட்டும் ஜிகினா ரோஜாவை அனுப்பிவிட்டாள். பெரியவளுக்கு மட்டும் மினுக்கு, எங்களுக்கெல்லாம் மாடு என்று மற்ற மூவரும் ஒரு வருஷம் பேசித் தீர்த்தார்கள். அந்தப் பேச்சு மொட்டை மாடி வழியாக எங்கள் சமையலறை வரை வந்தது.

இந்த வருஷமும் அவள் கடைசி நேரத்தில் ஓடிவந்தாள். "நாலு ஒரே மாதிரி வேணும்க்கா. இன்னிக்குப் போட்டாத்தான் பொங்கலுக்குப் போய்ச் சேரும். இந்தத் தடவையும் பேச்சு வந்துச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குத்தான் போகணும்" என்றாள் அம்மாவிடம். பாதி விளையாட்டு, பாதி கண்ணீர்.

அம்மா அலமாரியைத் திறந்து அப்பா வாங்கிவந்த பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். அக்கா பிரித்தாள், உடனே மூடினாள்.

"ஐயோ, இது அதே ரோஜா. போன வருஷத்து மிச்சத்தை அனுப்பியிருக்கான்னு சொல்லுவாங்க."

துணைக்கு என்னை அழைத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனாள். பாய் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். பானை மூன்று இருந்தது. மாடு இரண்டு. பூனைக்குட்டி நிறைய இருந்தது, ஆனால் நாத்தனாருக்குப் பூனைக்குட்டியை எப்படி அனுப்புவது? அக்கா கடை வாசலில் நின்றபடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சொன்னேன். "அக்கா, நம்ம மாடிக் கொடியில போட்டேனே, அந்தக் கார்டு பத்து இருக்கு. மெழுகும் தேய்ச்சாச்சு."

"அது ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லியேடி. தினம் பாக்கறேனே."

"அதனாலதான்க்கா. பானையையும் மாட்டையும் பக்கத்துல வெச்சா மாடு கொறச்சல்னு சொல்லலாம். மூணு மாடும் ஒரு ரோஜாவும் வெச்சா ரோஜா ஒசத்தின்னு சொல்லலாம். இதுல எதைச் சொல்லுவாங்க? எல்லாமே வேற. ஆனா சைஸ் ஒண்ணு, தாள் ஒண்ணு, மை ஒண்ணு. ஸ்கேல் வெச்சு வெட்டினேன்."

பாய் மாட்டையும் பானையையும் அடுக்குவதை நிறுத்தினார். "இன்னா, பாப்பா வக்கீலுக்குப் படிக்கப் போவுதா?"

"நல்லா இருக்குன்னு அவங்க சொன்னா கயித்துல போடுவீங்களா பாய்?"

"நாலு நாத்தனாரும் சண்டை போடாம சொல்லட்டும். அப்ப போடறேன்."

அக்கா நான்கை எடுத்து, முகவரி எழுதி, கூட்டு ரோட்டுச் சிவப்புப் பெட்டியில் போட்டாள். போட்ட பிறகும் பெட்டியின் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், திரும்ப எடுத்துவிடலாமா என்பது போல.

காணும் பொங்கலன்று நாத்தனார்கள் வந்து இறங்கினார்கள். கோவளத்து நாத்தனார் ஓலைக்கூடை நிறைய மீனோடு வந்தாள். படிக்கட்டு முழுக்க அந்த வாசனை. சாப்பாடு முடியும்வரை கார்டுப் பேச்சு இல்லை. நான் படியில் உட்கார்ந்து புத்தகம் படிப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் மேடவாக்கத்தில் இருந்த பெரிய நாத்தனார் வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏன்டி, எனக்கு ஒரு கார்டு அனுப்பினியே, மயிலு போட்டது."

அக்கா பதில் சொல்வதற்குள் கோவளத்து நாத்தனார் குறுக்கே வந்தாள். "இன்னா மயிலு? எனக்குக் கடல்தான் வந்துது. எங்கூட்டுக்காரு பாத்துட்டு, உன் தம்பி பொண்டாட்டி நம்ம ஊரையே போட்டு அனுப்பிகீறான்னாரு."

"எனக்கு இலை. நான் செடி வளக்கறது அவளுக்குத் தெரியுமே" என்றது மூன்றாவது குரல்.

"என்னுதுல முடி விரிச்சுகினு அம்மனாட்டம் ஒரு பொம்பள. பூஜை ரூம்ல வெச்சுட்டேன்" என்றது நான்காவது.

"அப்ப அவங்கவங்களுக்குன்னு பாத்துப் பாத்து வாங்கிகீறா" என்றாள் பெரியவள். மறுபடி பாக்கு மெல்லும் சத்தம் கேட்டது. "எங்கடி வாங்கினே?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"கூட்டு ரோட்டுப் பாய் கடையில அண்ணி" என்றாள் அக்கா.

கீழ்வீட்டுப் பிள்ளை கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செய்தது என்று அவளால் அங்கே சொல்லியிருக்க முடியாது. வீட்டில் செய்தது என்றால் காசு மிச்சம் பிடித்தாள் என்று ஆகிவிடும். இதெல்லாம் இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்குக் கீழே வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சாயங்காலம், தன் அக்காக்களைப் பஸ் ஏற்றிவிடப் போன மாடி வீட்டு அண்ணா திரும்பி வந்து எங்கள் கதவைத் தட்டினார்.

"பாய் உன்னை வரச் சொன்னாரு. மீதி கார்டெல்லாம் எடுத்தாரச் சொன்னாரு. எங்க பெரியக்கா அங்கேயே நின்னுகினு கீறாங்க."

ஆறையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். பொங்கல் முடிந்ததால் பாய் பழைய அட்டைகளையெல்லாம் இறக்கிக் கட்டிவைத்திருந்தார். கயிறு வெறுமனே தொங்கியது. பெரிய நாத்தனார் மயில் அட்டை மாதிரியே இன்னொன்று கேட்டு நின்றிருக்கிறாள். அது தன் சரக்கில்லை என்று பாய் நடந்ததைச் சொல்லிவிட்டார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீயாடி செஞ்சே? எங்க வூட்டு மாடியிலயா?"

"ஆமாங்க. பனியில."

"அப்ப எங்க வூட்டுப் பனிதான்" என்றாள் பாயிடம், விஷயத்தை முடித்துவைப்பவள் போல. ஒன்றைப் பொறுக்கி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பாய் இரண்டைத் தனியே எடுத்து நோட்டுக்குள் செருகினார். "இது ரம்ஜானுக்கு. எனக்கும் அக்கா தங்கச்சிங்க கீறாங்க பாப்பா." பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, மீதி மூன்றையும் கிளிப் போட்டு மாட்டினார், இடைவெளி பார்த்து நிதானமாக. வெறும் கயிற்றில் அந்த மூன்று மட்டும்.

அப்போது நின்ற ஒரு பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி, "என்ன பாய், இதுல ரெண்டு ஒரே மாதிரி கிடைக்குமா?" என்றார்.

"ஒரே மாதிரி வேணும்னா அச்சாபீசுக்குப் போ சார்" என்றார் பாய். "இது ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அதான் இதுல விசேஷமே."

பஸ் கிளம்பியது. காற்று வந்தது. மூன்றும் திரும்பி, நேராயின. அன்றைக்கும் ஆபீஸ் போய்விட்டு அதே பஸ்ஸின் பின்வாசலில் இறங்கிய அப்பா, சாப்பாட்டுப் பையோடு ரோட்டோரமாக நின்று கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மாவிடம் சொன்னார்.

"பாய் கடையில ஒரே ஒரு கயிறு. பூரா நம்ம பொண்ணுதான்."

இன்று நான் ஓர் அச்சகத்தில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு தாள் அதற்கு முந்தைய தாளைப் போலவே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. நிறம் இம்மி பிசகினாலும் மிஷினை நிறுத்தச் சொல்லிவிடுவேன். அதைச் சரியாகவே செய்கிறேன். சமீபத்தில் அம்மாவின் அலமாரியை ஒழித்தபோது அப்பா வாங்கித்தந்த பாக்கெட் கிடைத்தது. பத்தும் அப்படியே இருக்கின்றன. ஜிகினா கொட்டிவிட்டது, ரோஜா வெளுத்துவிட்டது. அதை என் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன். நான் செய்ததில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எல்லாமே போய்ச் சேர்ந்துவிட்டன.